கரையானுக்கு விட்ட பாதிக் களம்

எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் இல்லை. தாலி கட்டுகிற போட்டோவில் என் மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் என் அக்கா விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தாலியும் இருக்கிறது. கட்டுகிற கை மட்டும் மணிக்கட்டோடு நின்றுபோகிறது. அதற்கு மேல் மாப்பிள்ளை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து ஏறி வந்த கரையான், பக்கம் பக்கமாகத் தேடி என்னை மட்டும் தின்றிருந்தது. "அதுக்கும் ருசி தெரியுது" என்றாள் மனைவி. நல்ல ருசியா, கெட்ட ருசியா என்று இன்றுவரை அவள் விளக்கவில்லை.

இது எண்பதுகளின் நடுவில். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில் ஒன்றில் எனக்குக் குடோன் பொறுப்பு. கரையானோடு வீட்டில் ஒரு பகை என்றால் வேலையிலும் ஒரு பகை. ஒரு நாள் அடுக்கி வைத்த மூட்டைகள் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு லோடுமேன்களிடம் ஏதோ அதிகாரமாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஊன்றிய கை மூட்டைக்குள் முழங்கை வரை போய்விட்டது. உள்ளே மல்லாட்டை இல்லை, ஈர மண் இருந்தது. கோணி சரியாக இருந்தது, தைத்த வாய் சரியாக இருந்தது, சரக்கு மட்டும் மாறியிருந்தது. நான் போட்ட கூச்சலில் பாம்பு என்று நினைத்து லோடுமேன்கள் கழியோடு ஓடிவந்தார்கள். வெறும் செல்லு என்று தெரிந்ததும் கழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எங்கள் பக்கம் பேச்சில் கரையானுக்குச் செல்லு என்றுதான் பெயர்.

அன்றிலிருந்து மரம் என்று எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிற வியாதி எனக்கு வந்தது. உள்ளே காலியா, கெட்டியா என்று தெரிந்தாக வேண்டும். கட்டிலைத் தட்டினேன், கதவைத் தட்டினேன், சொந்தக்காரர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன இடத்தில் வாசற்காலைத் தட்டினேன். விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் கட்டையைத் தட்டப்போய், யாரோ இறங்குகிறார்கள் என்று டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். யார் தட்டியது என்று கண்டக்டர் கேட்டார். முண்டியம்பாக்கம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நான் கௌரவமாக இறங்கிக்கொண்டேன்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் ஒரு நிலம் மாட்டியது. ஓமந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் என் மனைவிக்கு அவள் அப்பா எழுதி வைத்த இரண்டு ஏக்கர் கொல்லை. மழையை நம்பி மல்லாட்டை போடுகிற மேட்டு நிலம். அதன் தலைமாட்டில் முப்பது சென்ட் களம். மூன்று தலைமுறையாகக் கேப்பைக் கதிரை மாடு கட்டி மிதித்து, கல்லுருளை ஓட்டி, வருஷா வருஷம் சாணி கரைத்து மெழுகிய இடம். மண்ணைக் கல்லாக்க வேண்டும் என்று மனிதர்கள் மெனக்கெட்டு, முழு வெற்றியும் கண்ட இடம். பிறகு ஊருக்குத் தார் ரோடு வந்தது. எல்லாரும் கதிரை ரோட்டில் பரப்பினார்கள், போகிற வருகிற பஸ்ஸே போரடித்துக் கொடுத்தது. களம் அனாதையானது. அதை உழுது கொல்லையோடு சேர்க்கலாம் என்று பார்த்தால் கலப்பை மேலேயே வழுக்கிக்கொண்டு போனது.

களம் விளையாவிட்டால் போகிறது என்று விட்டுவிடவும் முடியவில்லை. மழை பெய்தால் ஒரு சொட்டு அதற்குள் இறங்காது. முப்பது சென்ட்டில் விழுந்த தண்ணீர் மொத்தமும் சேர்ந்து கீழ்க்கொல்லைக்குள் பாயும். விதை, எரு, மேல்மண் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஏரியில் போய்ச் சேரும். முந்தைய வருஷம் என் மனைவி அந்த நிலத்தில் மூன்று முறை விதைத்தாள். மூன்றாவது முறை, ஒதுங்கிக் கிடந்த சேற்றிலிருந்து தன்னுடைய விதையையே பொறுக்கிக் கழுவி விதைத்தாள். அப்போதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

செங்கல் சூளைக்காரர் அந்தச் சமயம் பார்த்துத்தான் வந்தார். நாலடி ஆழத்துக்கு மண்ணை வாரிக்கொள்கிறேன், குழி உங்களுக்கு, மண் எனக்கு என்றார். ஒவ்வொரு முறை வரும்போதும் மொபெட்டை வேலமரத்தடியில் நிறுத்திவிட்டு, களத்தின் நடுவில் போய் நின்று, செருப்புக் குதிகாலால் இரண்டு தட்டு தட்டுவார். டொக், டொக் என்று கேட்கும். வேறு ஒரு வாதமும் செய்யமாட்டார். அந்தச் சத்தத்துக்கு என் மனைவியின் முகம் சின்னதாகிப் போகும். கடைசியில் அவள் சொன்னாள்:

"மொத மழ பெய்யட்டுங்க. இந்த வருசமும் களத்துத் தண்ணி கீழ்க்கொல்லைய அறுத்துக்கினு போச்சுன்னா, நீங்களே எடுத்துக்கோங்க."

எனக்கு நிலம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் டொக் டொக் என்ற சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியும். மில்லில் மல்லாட்டைத் தோல் மலைபோலக் குவிந்து கிடந்தது, எடுத்துப் போனால் போதும் என்று முதலாளி கும்பிடுகிற நிலைமை. பங்குனி முழுக்க மாட்டு வண்டி வைத்து நடை நடையாக அடித்தேன். களம் முழுக்கக் கணுக்கால் உயரத்துக்குத் தோலைப் பரப்பினேன். அடுத்த முறை சூளைக்காரர் வந்து குதிகாலால் தட்டியபோது மொறுமொறு என்று மட்டும் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வழுக்கைத் தலைக்குத் துண்டு கட்டிய சந்தோஷம் எனக்கு.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன், தோலின் மேல் சிவப்பாக மண் பூசியிருக்கிறது. அங்கே ஒரு விரல் அகலக் கோடு, இங்கே ஒரு தட்டு அகலப் பத்தை. ஒரு பத்தையைப் பிய்த்தேன். அடியில் வெள்ளை வெள்ளையாக ஓடுகின்றன. அவை என்னைப் பார்த்து ஓடியதாகத்தான் எனக்குத் தோன்றியது. ஆல்பத்தில் விட்டுப்போன மணிக்கட்டைக் கேட்டு இத்தனை தூரம் வந்துவிட்டன என்று நினைத்தேன். என் மூளை வேலை செய்கிற அழகு அப்படி. இன்றைக்குத் தோல், நாளைக்கு மல்லாட்டைச் செடி, அடுத்து வரப்பு வழியாக ஊர், ஊரிலிருந்து தார் ரோடு வழியாக திண்டிவனம், மில், குடோன், என் வேலை. இவை எல்லாவற்றுக்கும் நானே வண்டி வைத்துத் தோல் அடித்து விருந்து போட்டு அழைத்திருக்கிறேன்.

உரக்கடைக்கு ஓடினேன். அந்தக் காலத்தில் எதற்கும் பத்து பர்சென்ட் பூச்சி மருந்துப் பவுடர்தான். எறும்புக்கு அது, வண்டுக்கு அது, மூட்டைப் பூச்சிக்குக் கட்டிலிலேயே அதைப் போட்டுவிட்டு அதன் மேலேயே படுத்தவர்கள் உண்டு. இரண்டு மூட்டை வாங்கி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். முகத்தில் துண்டு, கையில் முறம். களத்தின் கிழக்குப் பாதியில் ஒரு மூட்டையைத் தூவி முடித்தேன். நாற்றம் மண்டையைக் குடைந்தது.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். களத்தின் மேற்கு ஓரத்தில், வேலமரத்தடியில், என் இடுப்பு உயரத்துக்கு ஒரு புத்து இருந்தது. என் மனைவி வீட்டார் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஆடியில் பால் ஊற்றுவார்கள். நானும் கும்பிடுவேன். முந்தின நாள் அமாவாசை. என் மனைவி மேல்மலையனூர் போய் அங்காளம்மன் கோயில் புத்து மண் கொண்டுவந்திருந்தாள். காலையில் அதைத் தண்ணீரில் குழைத்து என் நெற்றியிலும் இட்டிருந்தாள். ஆக, நெற்றியில் கரையான் கட்டிய மண்ணை வைத்துக்கொண்டு, கரையான் புத்தைக் கும்பிட்டுவிட்டு, முப்பது அடி தள்ளிக் கரையானுக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்தேன். இதில் ஏதாவது முரண்பாடு இருப்பதாக அப்போது எனக்குப் படவே இல்லை. புத்து என்பது அம்மன், உள்ளே பாம்பு. செல்லு என்பது செல்லு. இரண்டும் வேறு வேறு இலாகா.

இரண்டாவது மூட்டையை எடுக்கத் திரும்பினேன். அதன் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து எங்கள் கொல்லைக்குக் களை எடுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் வருகிறவள். என் மனைவி வயது. வேலையில் கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

"இன்னாங்க குடோனு, களத்துக்குப் பவுடர் பூசி எங்கயாவது பொண்ணு பாக்க இட்டுக்கினு போறீங்களா" என்றாள்.

நான் முகத்துண்டை அவிழ்த்துவிட்டு நிலைமையை விளக்கினேன். செடி போகும், ஊர் போகும், மில் போகும் என்றேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இந்த மருந்தையும் போட்டுவிட்டால் மழைக்குப் பிறகு வேலமரத்துப் புத்தில் கிளம்புகிற ஈசலை எப்படித் தின்பது. அந்தப் புத்தின் ஈசல் அவள் வீட்டுக்கு உரியது. எழுத்து இல்லை, பேச்சு இல்லை, அவள் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். மழைவிட்ட சாயங்காலம் வந்து பிடித்துக்கொண்டு போய் வறுத்து வைத்தால், கஷ்டமான மாதத்துக்கு ஆகும்.

ஈசலையெல்லாம் யாராவது தின்பார்களா என்று நான் ஒரு முகம் காட்டியிருக்க வேண்டும்.

"போன வருசம் உங்க வூட்டுக்கு ஒரு படி பொரி குடுத்தனுப்புனேனே, எள்ளு போட்டு. இன்னா சேத்து வறுத்தேன்னு நெனச்சீங்க?"

வரப்பின் ஓரம் ஓடிப்போய்த் துப்பினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அவள் மூட்டையை விட்டு எழுந்திருக்காமலே, "ஒரு வருசம் ஆவுது. இப்ப இன்னாத்த துப்புறீங்க" என்றாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பொரியை நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றிருந்தேன். ஆல்பத்துக்குப் பழிவாங்கிவிட்டேன், எனக்கே தெரியாமல்.

விஷயம் என் மனைவியிடம் போனது. தன் அப்பா காலத்திலிருந்து அந்த ஈசல் அவர்களுடையது, முதல் மழை வரைக்கும் மூட்டையைப் பிரிக்கக்கூடாது என்று தீர்ப்பானது. கரையானின் நல்ல குணம் பற்றி அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. ஒருத்திக்குத் தின்பண்டம், இன்னொருத்திக்கு அப்பா காலத்து வழக்கம். அவ்வளவுதான். கிழக்குப் பாதி பவுடரோடும், மேற்குப் பாதி செல்லோடும் வெயிலில் கிடந்தன. பிரிக்காத மூட்டை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நாறிக்கொண்டு கிடந்தது.

கோடை முழுக்க வாரம் ஒரு முறை போய்ப் பார்த்தேன். பார்த்தேன் என்பது மரியாதைக்கு. தள்ளி நின்று எட்டிப் பார்த்தேன். கிழக்குப் பாதியில் எதுவும் நடக்கவில்லை. எறும்புகள் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. கருப்பாக இரண்டு சாணி வண்டுகள் மல்லாந்து கிடந்தன. போகிற மாடு போட்ட சாணி, போட்டது போட்டபடி காய்ந்து தட்டாகக் கிடந்தது. மேற்குப் பாதியில் கிடந்த சாணியைக் குச்சியால் புரட்டினால் மேல் ஓடு மட்டும் கையோடு வந்தது, உள்ளே சாணிக்குப் பதில் மண். என் மூட்டையின் ஞாபகம் வந்து முழங்கை சிலிர்த்தது. மல்லாட்டைத் தோல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது, சிவப்பு மண் ஏறிக்கொண்டே வந்தது. களத்து மண் வெளுத்த சாம்பல் நிறம். இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. பயந்தவன் கேள்வி கேட்கமாட்டான், பதில் வந்துவிடுமோ என்று.

ஆனி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. மில்லுக்கு லீவு நாள். நானும் மனைவியும் கொல்லையில்தான் இருந்தோம், கீழ்க்கொல்லையில் அவள் புழுதி விதைப்பு முடித்து நாலு நாள் ஆகியிருந்தது. அவள் வேலமரத்தடிக்குப் போகவில்லை. நேராகக் களத்தில் போய், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையிலேயே நின்றாள். இரண்டு ஏக்கருக்கும் அன்றைக்குத்தான் பரீட்சை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் போய் நின்றேன்.

கிழக்குப் பாதியில் எப்போதும் நடப்பதே நடந்தது. தண்ணீர் கண்ணாடித் தகடு மாதிரி படர்ந்தது, தோல்களை மிதக்கவிட்டது, கூட்டமாகச் சேர்த்துக்கொண்டு கீழ்க்கொல்லைப் பக்கம் சரிந்தது. என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே மேற்குப் பாதிக்கு நடந்தாள். அங்கே தண்ணீர் இல்லை.

மழை அங்கேயும் அதே மழைதான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டுகிற மழை. விழுந்த தண்ணீரைத் தேடினால் காணவில்லை. குனிந்து பார்த்தேன். தோலுக்கும் மண்பூச்சுக்கும் நடுவில், பென்சில் நுழைகிற அளவில் ஓட்டைகள். ஒன்றல்ல, பத்தல்ல, கால் வைக்கிற இடமெல்லாம். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குமிழி எழும்பி உடைந்தது. அடியிலிருந்த காற்று மேலே வருகிறது, மேலே இருந்த தண்ணீர் அடியில் போகிறது. மழைச் சத்தத்துக்கு நடுவே காது கொடுத்தால் தாகமான மாடு தொட்டியில் வாய் வைத்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. முப்பது சென்ட்டில் பாதி அப்படிக் குடித்துக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் நல்ல மனிதர்கள் கைகூப்புவார்கள். நான் கத்தினேன்.

"ஏய், அங்க நிக்காத. அடியில எல்லாம் பொத்தலு. உள்ள போயிடும்."

"எது உள்ள போயிடும்?"

"நீதான்."

"அப்ப ஆல்பத்துல ரெண்டு பேருமே இல்லன்னு ஆயிடும். சும்மா நில்லுங்க" என்றாள். தண்ணீர் போகிற திசையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. குடோனில் முழங்கை போனது, இங்கே ஆளே போகப்போகிறது. கொல்லை மூலையில் வற்றிப்போன கிணற்றங்கரையில் கிடந்த கடப்பாரையை எடுத்துவந்து முதலில் கிழக்குப் பாதியில் குத்தினேன். டங் என்று எகிறித் தோள்பட்டையை உலுக்கியது. அதே வேகத்தில் மேற்குப் பாதியில் குத்தினேன். எதிர்ப்பே இல்லை. கடப்பாரை ஒரு முழத்துக்குக் குறையாமல் இறங்கியது, அதைப் பிடித்திருந்த நானும் கூடவே இறங்கி, முகம் மண்ணில் பதியும்படி விழுந்தேன்.

விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தச் சிவப்பு மண். மழையில் கரைந்து ஒவ்வொரு உருண்டையும் தனித்தனியாகத் தெரிந்தது. கடுகைவிடச் சின்னது. அப்போதுதான் அந்த நிறத்தை எங்கே பார்த்தேன் என்று ஞாபகம் வந்தது. எங்கள் கிணற்றின் சுவரில். மேலே சாம்பல், அதற்குக் கீழே கல் கலந்த மண், அதற்கும் கீழே இரண்டு ஆள் ஆழத்தில் ஈரமாக ஒரு சிவப்புக் களிமண் பட்டை. கிணறு வெட்டியபோது அந்தப் பட்டை வரைக்கும் போக நாலு ஆட்களுக்கு ஒரு மாதம் ஆனது என்று என் மாமனார் சொல்வார். கண் தெரியாத, எறும்பு கடித்தால் செத்துப்போகிற, வெயில் பட்டால் வதங்கிப்போகிற ஒரு பூச்சி, அந்த ஆழத்திலிருந்து வாய்க்கு ஒரு கடுகாக மண்ணை எடுத்து, எச்சில் வைத்து, இருட்டிலேயே ஏறி வந்து, என் களத்தின் மேல் வைத்துவிட்டு மறுபடி இறங்கிப் போயிருக்கிறது. மூன்று தலைமுறை மாடும் கல்லுருளையும் இறுக்கியதை மூன்று மாதத்தில் பிரித்துப் போட்டிருக்கிறது. கூலி, மில்லில் எரிக்க வைத்திருந்த தோல்.

எழுந்து உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் விரல் முட்டியால் மண்ணை ஒரு தட்டுத் தட்டினேன். சத்தமே வரவில்லை.

மழை விட்டது. பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது காலனிக்காரி வந்துசேர்ந்தாள். கையில் ஒரு லாந்தர், தலையில் ஒரு குண்டான். புத்துக்குப் பக்கத்தில் குழி பறித்துக் குண்டானைப் பதித்து, தண்ணீர் ஊற்றி, வேப்பந்தழையைச் சுற்றிலும் நட்டு, லாந்தரை ஏற்றி வைத்தாள். என் சட்டையையும் முகத்தையும் பார்த்தாள். கேட்கவில்லை, சிரிக்க மட்டும் செய்தாள்.

முதலில் புத்தின் வாயிலிருந்து புகை மாதிரி கிளம்பியது. அப்புறம் அது இறக்கை என்று தெரிந்தது. ஈசல் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, வெளியே வந்து, ஒரு கணம் நின்று, எழும்பின. லாந்தரைச் சுற்றின, குண்டானில் விழுந்தன, விழாதவை ஏரிப் பக்கம் போயின. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுப் பக்கம் சரசரவென்று கேட்டது. திரும்பினேன். களம் எழுந்துகொண்டிருந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேற்குப் பாதி முழுக்க, ஒவ்வொரு பென்சில் ஓட்டையிலிருந்தும், தோலை முட்டித் தள்ளிக்கொண்டு ஈசல் வந்தது. மண் பெருமூச்சு விட்டு, அந்த மூச்சுக்கு இறக்கை முளைத்தது போல இருந்தது. சாயங்கால வெளிச்சம் அவற்றின் மேல் பட்டு அரைக் களமும் மினுமினுத்தது. இடுப்பளவு, தலையளவு, வேலமரத்தளவு. சரியாகப் பவுடர் தூவிய கோட்டில் அது நின்றது. கிழக்குப் பாதியில் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. கோடு கிழித்தவன் நான்.

என் வாய் திறந்திருந்தது என்பது ஒரு ஈசல் உள்ளே போனபோதுதான் தெரிந்தது.

"அங்கயும் இங்கயும் ஒரே நேரத்துல எப்பிடி" என்று கேட்டேன்.

"ஒரே வூடு, ஒரே நேரத்துலதான் கௌம்பும்" என்றாள் காலனிக்காரி. "நீங்கதான் வாசல்ல மஞ்சள் பூசிக் கும்புட்டுக்கினு, பொழக்கடையில வெசம் வெச்சீங்க."

என் மனைவி கீழ்க்கொல்லையில் இருந்தாள், குனிந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு. கிழக்குப் பாதிக்குக் கீழே தண்ணீர் வழக்கம்போல் முழங்கால் ஆழத்துக்கு அறுத்துப் போயிருந்தது. மேற்குப் பாதிக்குக் கீழே விதை போட்ட இடத்தில் இருந்தது.

மறுநாள் காலை சூளைக்காரர் மொபெட்டில் வந்தார். தோலை மழை அடித்துக்கொண்டு போய் வழுக்கை பளபளத்த கிழக்குப் பாதியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார், முகத்தில் அவ்வளவு மலர்ச்சி. அங்கேதான் போகக் கிளம்பினார். என் மனைவி மரியாதையாக அவரை நிறுத்தி, அந்தப் பக்கம் வேண்டாம், இப்படி வந்து தட்டிப் பாருங்கள் என்றாள். அவர் மேற்குப் பாதிக்கு நடுவில் வந்து நின்று, வழக்கம்போல் குதிகாலைத் தூக்கி ஓங்கித் தட்டினார். கால் போனது. கால் திரும்பி வந்தது. செருப்பு வரவில்லை.

அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அவளைப் பார்த்தார்.

"மண்ணு வேலையில இருக்குதுங்க. இப்ப குடுக்கறதுக்கில்ல" என்றாள்.

செருப்பை நான்தான் தோண்டி எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். அவர் மொபெட்டை உதைத்தபோது, அந்தப் புத்து மண்ணையாவது கொடுக்கலாமே, செங்கல்லுக்கு அதைப்போல வராது என்றார். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. காலனிக்காரி குண்டானோடு புத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம் களத்தின் மேற்குப் பாதியிலும் மல்லாட்டை போட்டோம். பிரமாதம் என்று பொய் சொல்ல மாட்டேன். நடுத்தரம். அறுவடை நேரத்தில் சில காய்களைச் செல்லு சுரண்டியிருந்தது, அதன் பங்கை அது எடுத்துக்கொண்டது. பிரிக்காத மூட்டையை உரக்கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். செல்லு போய்விட்டதா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, வந்துவிட்டது என்றேன். அவர் என்னை வேறு மாதிரி பார்த்தார்.

கிழக்குப் பாதிதான் பாக்கி. அது என் பொறுப்பு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த கோடையில் மறுபடி வண்டி கட்டித் தோல் அடித்தேன். பரப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு மாதம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. மழையில் பவுடர் கரைந்துபோயிருக்கும் என்று பார்த்தால் மண்ணை முகர்ந்தால் இன்னும் லேசாக அந்த நாற்றம். பழைய வியாதி உருவம் மாறி வந்தது. முன்பு வந்துவிடுமோ என்று பயந்தவன், இப்போது வராமலே போய்விடுமோ என்று பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் மண்டிபோட்டுத் தோலை விலக்கிப் பார்ப்பேன். மாட்டுச் சாணியை அள்ளி வந்து வைத்தேன், தென்னை மட்டை வைத்தேன், குடோனிலிருந்து பழைய கோணி கொண்டுவந்து போட்டேன். செல்லுக்குச் சோறு வைக்கிறேன் என்று லோடுமேன்களுக்குத் தெரிந்துபோய், அவர்கள் தங்கள் வீட்டுக் கிழிந்த பாயையெல்லாம் எனக்குப் பத்திரப்படுத்திக் கொடுத்தார்கள்.

"இன்னும் வரலயா?" என்று மனைவி கேட்டாள்.

"வரல. பேஜாரா இருக்குது."

"அந்த ஆல்பத்தக் கொண்டுபோய் வையுங்க. ஜல்தியா வரும். அதுக்குத்தான் உங்க ருசி தெரியுமே."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டு போனேன். மேலட்டை, கீழட்டை, நடுவில் தாலி கட்டுகிற அந்த ஒரு பக்கம். மற்றதை வீட்டில் வைத்துவிட்டேன், அதில் அவள் இருக்கிறாள். மேற்குப் பாதியை ஒட்டிக் கோட்டுக்கு இந்தப் பக்கம், தோலுக்கு அடியில் வைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது ஞாயிறு இரண்டு பேருமாகப் போனோம். தோலை விலக்கினேன். கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, விரல் அகலத்தில், ஈரம் காயாத ஒரு சிவப்புக் கோடு புறப்பட்டு வந்து, பவுடர் போட்ட மண்ணைத் தாண்டி, அட்டையின் மேல் ஏறியிருந்தது. போட்டோவில் மணிக்கட்டு வரைக்கும் மிச்சமிருந்த என் கை இப்போது இல்லை. தாலி தானாகவே அவள் கழுத்தில் நின்றது.

செல்லுக்குக் காது இல்லை, நான் கூப்பிட்டால் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மனைவி குனிந்து, அந்தக் கோட்டிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தாள். மலையனூர் மண்ணைப்போல என் நெற்றியில் இட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க. இப்பவே போயி பஸ்ஸுக்குக் காத்துக்கினு நிக்க வேணாம்" என்றாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நெற்றியில் மட்டும் இரண்டு ஆள் ஆழத்துக் குளிர்ச்சி இருந்தது.